பதினொரு வயதில் நின்றுபோன பெண்

கட்டுகஸ்தோட்டை வீதி,
கண்டி.
17.6.1974

மாட்சிமை பொருந்திய பத்திராதிபர் ஐயா அவர்களுக்கு, ஓய்வுபெற்ற கிளாக்கர் பொ. சேதுராமன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவியும் மூட்டுவலி நீங்கலாகச் சுகம். தாங்களும் அச்சுக்கூடத்தாரும் சுகமாயிருக்கக் கதிர்காமத்தானை வேண்டுகிறேன்.

தங்கள் மாதப் பத்திரிகையில் என் மகள் புஷ்பம் எழுதிவரும் தொடர்கதையில், கதை சொல்லும் பெண் எட்டு மாதமாகப் பதினொரு வயதிலேயே நிற்பது ஏன் என்றும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் கதையை நிறுத்திவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். திகன ஊர் வாசகி ஆஸியா உம்மாவின் கடிதத்தையும் கூட வைத்திருந்தீர்கள். "இந்தப் புள்ளைக்கி இன்னும் பதினொரு வயசுதானா? டொக்டர்ட்ட காட்டல்லயா?" என்று அந்த அம்மா கேட்டது நியாயம். குற்றம் என் மகளுடையது அல்ல, என்னுடையது.

புஷ்பத்தின் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும். ஆகவே ஒவ்வொரு அத்தியாயத்தையும் நான்தான் அழகாகப் பிரதி எடுத்துத் தபாலில் சேர்க்கிறேன். முப்பத்தொரு வருஷம் கந்தோரில் அடுத்தவர் எழுதியதைப் பிரதி எடுத்தவன், ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றியதில்லை. முதல் அத்தியாயத்தில் அவளுக்கு எட்டு வயது, அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு பெரஹரா ஊர்வலம் பார்க்கிறாள், அப்பாவுக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை என்கிறாள். நல்ல கதை ஐயா. நாலாம் அத்தியாயத்தில் பதினாலு வயதாகிறது. மழை நாளில் குடை கொடுக்க அப்பாவின் கந்தோருக்குப் போனவள், அவர் மேலதிகாரி முன்னால் கைகட்டி நின்று "சரி சேர், சரி சேர்" என்பதைக் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, குடையைப் பியோனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறாள். பதினாலைப் பதினொன்று என்று எழுதினேன். பதினொரு வயதுப் பிள்ளைக்கு என்ன விளங்கும் என்று ஒரு ஆறுதல்தான். குறைத்த வயதைப் பிறகு கூட்ட வழி தெரியவில்லை. ஆறாம் அத்தியாயத்தில் அவள் பேராதனைக் கம்பஸுக்குப் படிக்கப் போனாள், நான் ஒரு அண்ணனை உண்டாக்கி அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோவதாகப் போட்டேன், அடுத்த அத்தியாயத்தில் அண்ணனை வைத்துக்கொள்ள இடமில்லாமல் திருச்சிக்கு அனுப்பினேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் திருச்செல்வம் என்றொருவன் அவளுக்குக் கடிதம் கொடுத்தான். அவனை டியூஷன் மாஸ்டராக்கி, கடிதத்தைக் கணக்குக் கொப்பியாக்கினேன். அவள் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு அழுததை மட்டும் மாற்ற மறந்துவிட்டேன்.

கதை முடியும்வரை அச்சில் பார்ப்பதில்லை என்று புஷ்பம் விரதம் இருப்பதால் இதுவரை தப்பினேன். வீட்டில் என் மனைவி வடிவம்மாவுக்கு மட்டும் தெரியும். "நீங்க குறைச்சு எழுதினா அவ குழந்தையாயிருவாளாக்கும்? மட்டக்களப்புல டீச்சர் வேலை கெடைச்சிருக்கு, அடுத்த மாசம் போறா. அதுல என்னத்தைக் குறைப்பீங்க?"ன்னு கேக்குறா. இருபத்திமூணு வருஷம் இந்த வீட்டுல சத்தம் போட்டுக்கிட்டு இருந்த புள்ள அவ. அங்க போனபிறகு என்னைய என்னன்னு நெனைப்பாளோ. பயமா இருக்குங்க ஐயா.

ஆகையால், அவள் கைப்பட எழுதிய அத்தியாயங்கள் எல்லாவற்றையும் இத்துடன் அனுப்புகிறேன். வயதுகளை உள்ளபடி திருத்தி அறிவித்தல் போடுங்கள், கதையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். புஷ்பத்திடம் நானே சொல்லிக்கொள்கிறேன். கடைசி அத்தியாயத்தின் என் பிரதியும் உள்ளே இருக்கிறது. அதில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. இது சத்தியம்.

தங்கள் அச்செழுத்துகள் தேயாமலும், தங்கள் பிள்ளைகள் தங்களைப் பற்றிக் கதை எழுதாமலும் இருக்க வாழ்த்தும்,
பொ. சேதுராமன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இன்னொரு தடவை வாசித்துப் பார்த்தேன். கடைசி வரியில் அந்தப் பெண் கண்டியில் ரயிலேறி மட்டக்களப்புக்குப் போகிறாள். மட்டக்களப்பை அடித்துவிட்டுக் கடுகண்ணாவை என்று எழுதியிருக்கிறேன். அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.