மீன்சாமியின் சிவப்புத் தண்ணீர்

1991இல் லண்டன் தமிழரைக் காப்பாற்றக் கடவுள் ஒரு மீனாக வந்தார். நீளம் ஒரு பெருவிரல். முகவரி, அப்டன் பார்க்கில் ஒரு சேலைக் கடையின் மேல்மாடி.

ஞாயிறு என்றால் படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. விம்பிள்டன்காரர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் டிஸ்ட்ரிக்ட் லைனில் குந்தியிருந்து வந்தார்கள். ஆர்ச்வே கோயிலில் முருகனைக் கும்பிட்டவர்கள் ரயில் மாறி மாறி வந்தார்கள். முருகனுக்கு ஒரு மயில் போதும். இவர்களுக்கு மீனும் வேண்டுமாம்!

அந்த மீனோடு நைரோபியிலிருந்து வந்த சாமியாருக்குப் பெயர் மீன்சாமி. அவர் கடையில் வாங்கிய தங்கமீன் ஒன்றைத் தன் தொட்டியில் விடுவார். அது துடித்து, வயிற்றைக் காட்டி மிதக்கும். அதே தண்ணீரில் சாமியின் மீன் சுகமாக உலாத்தும்.

"உங்கடை பாவமெல்லாம் இந்தத் தண்ணியிலைதான். தெய்வ மீன் எண்டபடியால் தாங்குது," என்பார் சாமி.

செத்த தங்கமீன் என்ன பாவம் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்தது தோசம் பார்ப்பது. தொட்டித் தண்ணீரைக் கிளாசில் மொண்டு, பெயரைச் சொல்லி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடுவார். சிவந்தால் தோசம். எல்லாருக்கும் சிவந்தது. மூன்று பூசை செய்தவர்களுக்கு மட்டும் சாமி உள்ளறையிலிருந்து தண்ணீர் கொண்டுவருவார். அது மஞ்சளாகவே நிற்கும். கூட்டம் அரோகரா போடும்.

அன்று யோகராஜாவின் முறை. செவ்வாய்க்கிழமை அவருக்கு ஹோம் ஒபிசில் அகதி நேர்முகம். இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த நாள். போகாவிட்டால் விண்ணப்பம் குப்பையில், ஆள் விமானத்தில்.

கிளாஸ் சிவந்தது.

"செவ்வாய் போகாதை தம்பி! மூண்டு பூசை முடியட்டும்."

"ஓம் சாமி, போகேல்லை."

இலங்கை ஆமிக்குத் தப்பி வந்த மனிதர் ஒரு கிளாஸ் தண்ணீரிடம் சரணடைந்தார்.

அவர் மனைவி சிவனேஸ்வரிக்கு ஆஸ்பத்திரி உடுப்புச் சலவையில் வேலை. அவள் நேரே தொட்டிக்குள் விரலை விட்டாள். வழுக்கியது.

"இது சலவைச் சோடாத் தண்ணியெல்லோ!"

"நீர் பேசாமல் இரும்," என்றார் யோகராஜா.

"இஞ்சருங்கோ, போன கிழமை உங்கடை சேட்டிலை கறி ஊத்துப்பட்டு, நான் சோப் போடச் சிவந்ததே, மறந்திட்டியளோ? சேட்டுக்கும் தோசமோ?"

கூட்டம் குனிந்து தத்தம் சட்டையைப் பார்த்தது.

சிவனேஸ்வரி விறுவிறு என்று உள்ளறைக்குப் போனாள். அங்கே இருந்த அற்புதம் ஒரு தண்ணீர்க் குழாய். ஒரு கிளாஸ் பிடித்து வந்து மஞ்சள் போட்டாள். மஞ்சளாகவே நின்றது. கைகழுவும் சோப்பைக் கரைத்தாள். சிவந்தது.

"அப்ப மீன்?" சாமி சீறினார். "தெய்வமில்லாமல் இந்தத் தண்ணியிலை எப்பிடிச் சீவிக்குது?"

"தெய்வமெண்டால் குழாய்த் தண்ணியிலையும் சீவிக்கும்தானே?"

உள்ளறையிலிருந்து ஒரு வாளி குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, வலையால் மீனை அள்ளினாள். வலையை வாளிக்கு மேலே பிடித்தாள்.

சாமி பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தார். "ஐயோ பிள்ளை, விடாதை! அது கென்யாச் சோடா ஏரியிலை பிறந்த மீன்! பச்சைத் தண்ணி ஒத்துக்கொள்ளாது, செத்துப்போகும்!"

தன் வாயாலேயே தெய்வத்தை மீனாக்கிவிட்டார் மீன்சாமி. சிவனேஸ்வரி மீனைப் பத்திரமாகத் தொட்டியில் விட்டாள்.

"அது பாவம். உங்களைப் போலை அது பொய் சொல்லேல்லை."

செவ்வாய்க்கிழமை யோகராஜா நேர்முகத்துக்குப் போனார், சிவனேஸ்வரி தோய்த்து மினுக்கிய அதே சேட்டோடு.

சாமி ஊரைவிட்டே ஓடிவிட்டார். ஆனால் அந்த ஞாயிறே, கூட்டம் படியிறங்கும்போதே ஒரு குரல் கேட்டது: "குரொய்டனிலை ஒரு கிளி வந்திருக்காம், நம்பிப் போகலாமாம்."

எரிக்கும் சோடா ஏரியில் அந்த மீன் தன் உடம்பையே மாற்றிக்கொண்டு பிழைத்தது. லண்டன் குளிருக்குக் கோட்டு மாட்டிக்கொண்ட நம்மவரே, அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு தலையும் இருக்கிறது. தொப்பி போட மட்டுமல்ல அது. கொஞ்சம் யோசிக்கவும் விடுங்கள்!