தாம்பாளம் சுமந்து அருவி அளந்த படலம்

திரிகூட மலைமேல் திரண்டு நிற்கும் முகில்களே, சற்றே சாரலை நிறுத்திச் செவி கொடுங்கள். எழுதும் காகிதம் நனைகிறது. வாழ்க குத்தாலிங்கம்! தென்காசி மேலவாசல் வீட்டின் மூத்த கொழுந்து, பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலை போதிக்கும் ஆசான், பாலத்தின் பாரத்தைப் பார்வையாலே பகுத்துரைப்பவன், சுண்ணாம்பையும் மணலையும் தொட்ட மாத்திரத்தில் அவை பிறந்த ஆற்றையும் சூளையையும் சொல்லவல்ல விரலோன், சரிந்த சுவரைக் கண்டால் சினந்தும் நிமிர்ந்த தூணைக் கண்டால் கைகூப்பியும் வாழ்ந்த அந்த வீரன் குற்றாலத்துப் பேரருவியோடு பொருத கதையை இனிப் பாடுவோம்.

பாடுமுன் அவன் குலப்பெருமை அறிக. மேலவாசல் வீட்டார் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டதில்லை. அவ்வீட்டு ஆடவர் புதனும் சனியுமன்றி வேறு கிழமையில் தலைக்கு எண்ணெய் வைத்ததில்லை; செவ்வாயும் வெள்ளியும் பெண்டிர்க்குரியவை என்று விட்டுக்கொடுத்த பெருங்குலம் அது. இவ்விரு நெறிகளையும் காத்து நின்றதால்தான் அவ்வீட்டின் முகப்புத் தூண்கள் இன்றளவும் சாயாமல் நிற்கின்றன என்பது எங்கள் துணிபு. பொறியியலார் வேறு காரணம் கூறக்கூடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் ஆண்டு, ஆடித்திங்கள், வெள்ளிக்கிழமை. தொழில்நுட்பம், கட்டடப் பொறியியல், வணிகம், நிதி என்னும் நான்கு துறையாரும் குற்றாலத்து பங்களா ஒன்றில் ஆராய்ச்சி மாநாடு கூட்டினர். நான்கு துறைகளும் ஏன் ஒன்றாய்க் கூடின என்று ஐயுறுவோர், சீசன் காலத்தில் குற்றாலத்தில் பங்களா வாடகை கேட்டறிக. அறிவுத் துறைகளை அத்வைதமாக்கிய பெருமை அந்த வாடகைக்கே உரியது. தலைமைப் பீடத்தில் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் வல்லிநாயகம் வீற்றிருந்தார். தொழில்நுட்பத்தின் சார்பில் ஏசுதாசன் என்னும் அறிஞர் ‘ஈரக்காற்றில் தீக்குச்சி பற்றவைக்கும் நுட்பம்’ பற்றிக் கட்டுரை படித்து, அவையோர் முன் உரசியும் காட்டினார். பெட்டி தீர்ந்தது, தீ வரவில்லை. வணிகத்துறையார் கேட்க மட்டுமே வந்திருந்தனர்; எஞ்சியவை இரண்டே கட்டுரைகள். அவற்றுள் ஒன்றுதான் அவ்வாண்டின் ஆராய்ச்சி மலரில் அச்சேறும்.

ஒரு கட்டுரை நம் குத்தாலிங்கத்தினுடையது. மற்றொன்று தாணுமாலயனுடையது. யார் அந்தத் தாணுமாலயன்? செங்கோட்டைக்காரன், நிதித்துறை விரிவுரையாளன், வட்டியின் வாலைப் பிடித்து அசலின் குகைக்குள் நுழைபவன், எல்லாவற்றுக்கும் மேலாக, குத்தாலிங்கத்தின் தங்கை முத்துவடிவின் கணவன். திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்த ஊராகையால், கிழமை பாராது நித்தமும் எண்ணெய் தேய்க்கும் மலைநாட்டு வழக்கம் உடையவன். அவன் நெற்றியில் எந்நேரமும் ஒரு மினுமினுப்பு உண்டு. அதை அறிவின் ஒளி என்று செங்கோட்டையார் சொல்வர். அது தேங்காய் எண்ணெய்.

முந்தைய இரண்டு ஆண்டும் தாணுமாலயன் கட்டுரைகளே மலரில் வந்தன. செங்கோட்டை வீட்டுக் கூடத்தில் அம்மலர்கள் வெற்றிலைத் தட்டுக்கு அருகே வைக்கப்பட்டன. வருவோர் போவோர்க்கெல்லாம் வாசித்துக் காட்டப்பட்டன. சம்பந்தி வீடாயிற்றே என்று ஒருநாள் சென்ற குத்தாலிங்கத்தின் தந்தை, காப்பி வருமுன் ஒரு கட்டுரையையும் வந்தபின் மற்றொன்றையும் முழுதாகக் கேட்டுத் தலைகுனிந்து திரும்பினார். “மூணாவதும் அவாளுக்குத்தான்னா நான் அந்த வாசப்படி ஏறமாட்டேன், ஆமா!” என்று அவர் உரைத்த சூளுரை மேலவாசல் வீட்டு உத்தரங்களில் எதிரொலித்தது. மகள் வீட்டுக்குத் தந்தை போக முடியுமா என்பதே இப்போரின் பணயம்.

குத்தாலிங்கத்தின் கட்டுரை ‘அருவியில் நிற்கும் மனிதன்மேல் விழும் நீரின் அழுத்தம்’. அருவியோரத்துக் கைப்பிடிக் கம்பிகள் எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்பதைக் கூறும் அரிய ஆய்வு. முன்னுரை இருந்தது, முடிவுரை இருந்தது, படங்கள் இருந்தன. அழுத்தம் எவ்வளவு என்ற எண் மட்டும் இல்லை. அவ்விடம் வெள்ளையாக இருந்தது.

“பகல் சாப்பாட்டுக்குள் எண் வந்து சேர்ந்தால் பொறியியல் கட்டுரையை ஏற்போம். சேராவிட்டால் நிதிக் கட்டுரையே அச்சேறும். இது தலைமையின் ஆணை!” என்று வல்லிநாயகம் முழங்கி, ஏலக்காய் ஒன்றை வாயிலிட்டார்.

எழுந்தான் வீரன். அவன் படைக்கலம் யாது? பலசரக்குக் கடையில் இரவல் பெற்ற வட்டமுகத் தராசு ஒன்று. மேலே பாரம் வைத்தால் முகத்தில் முள் நகரும். அதன் தலையில் அவன் முடுக்கியிருந்ததோ மேலவாசல் வீட்டுப் பித்தளைத் தாம்பாளம்! வரும் ஞாயிறன்று தங்கை வீட்டுக்கு ஆடிச் சீர் சுமந்து செல்லவென்று துலக்கி வைத்திருந்த தாம்பாளம் அது. அன்றைக்கு அறிவியல் சுமந்தது. துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் தராசையும் தாம்பாளத்தையும் ஏற்றினான். தன் தலைமேல் உள்ள முள்ளைத் தானே காண்பது எங்ஙனம்? அதற்கும் வழி கண்டிருந்தான் அந்த நுண்ணறிவினன். சவரக் கண்ணாடி ஒன்றை இடக்கையில் ஏந்தினான். தலையில் தாம்பாளமும் கையில் கண்ணாடியும் இடையில் ஈரிழைத் துண்டுமாக அவன் கடைவீதி வழியே நடந்தபோது, மங்குஸ்தான் விற்போரும் முறுக்கு விற்போரும் விலை கூவுவதை நிறுத்தினர்.

“என்ன வே, பொண்ணு வீட்டுக்காரரா?”

“தாம்பாளம் இருக்கு, கண்ணாடி இருக்கு. மாப்பிள்ளையத்தான் காங்கல.”

“மாப்பிள்ள அருவில குளிச்சுக்கிட்டு நிக்காரு, போய்ப் பாரும்!”

கடைசியாகச் சொன்னவன் வேடிக்கைக்குத்தான் சொன்னான். ஆனால் மெய் சொன்னான் என்பதைப் பின்னர்க் காண்போம்.

அருவிக்கரையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வழிமறித்தான் சொரிமுத்து. குற்றாலத்தில் அவன் கைபடாத முதுகு குறைவு. “அண்ணாச்சி, உக்காருங்க. தாம்பாளத்தை எறக்கிட்டு ஒரு தேய்ப்பு. எண்ணெ தேய்க்காம அருவிக்குள்ள போனா ஞாபக மறதி வரும், பாத்துக்கிடுங்க!”

வெள்ளிக்கிழமை! குலநெறி குறுக்கே நின்றது. ஆனால் கல்லூரி ஆசான், கிழமை பார்த்து எண்ணெய் வேண்டாம் என்றான் என்று நாளை மாநாட்டில் பேசிக்கொள்வார்களே! ஆகவே குலநெறிக்கு அறிவியல் ஆடை உடுத்தி அவன் முழங்கினான்: “எண்ணெயாவது, உராய்வின் பகை! உராய்வாவது, நிற்பவனின் நண்பன்! வறண்ட மேனியன் பாறையில் நிலைப்பான். எண்ணெய் மேனியன் வழுக்கி வீழ்வான். இதனைச் சூத்திரத்தால் நிறுவுவேன்!”

“சூத்திரத்தத் தேய்ச்சுக் குளிங்க அப்பம்,” என்று சொரிமுத்து அடுத்த முதுகுக்குப் போனான்.

இனிப் போர். நடுமலையில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக்கிடங்கில் விழுந்து எழுந்து, சினம் தணியாமல் மறுபடியும் பாய்ந்தது பேரருவி. அதன் கீழே ஆயிரம் முதுகுகள். நெய்யில் தோய்த்த அரணென, எள்ளும் தேங்காயும் இலுப்பையும் மணக்கும் மானிடப் பெருஞ்சுவரென, ஆடவர் நின்றனர். அச்சுவரை நோக்கிக் கரும்புத் தோட்டத்துள் புகும் களிறெனப் பாய்ந்தான் குத்தாலிங்கம். ஒரு தோளைப் பற்றினான். அது வாளைமீனென நழுவியது. ஒரு முழங்கையைத் தள்ளினான். அது வழுக்கி வந்து அவன் விலாவிலேயே தங்கியது. எண்ணெய் மேனியரெல்லாம் இடைவெளி கண்ட இடத்தில் வெண்ணெயில் கத்தியென உட்புக, வறண்ட மேனியன் ஒருவன் மட்டும் கதவிடுக்கில் சிக்கிய வேட்டியென இருவர் நடுவே சிக்கி நின்றான்.

“ஏ, யாருய்யா அது, தாம்பாளத்த வச்சு இடிக்கது?”

“எனக்குச் சாப்பாட்டுக்குள்ள ஒரு எண் வேணும்!” என்று கதறினான் வீரன்.

“அதுக்கு ஏன் வே எங்காலைச் சவட்டுதீரு?”

ஆயினும் மேலவாசல் வீட்டுக் குருதி பின்வாங்குமா? தாம்பாளத்தைக் கேடயமாக முன்னீட்டி, கண்ணாடியை வாளாக உயர்த்தி, ஒரு மூச்சில் உந்தினான். அருவியின் நட்டநடு ஓட்டத்துள் புகுந்தான்! தாம்பாளத்தைத் தலைமேல் ஏற்றினான். மலையே இறங்கி அதில் அமர்ந்தது போலிருந்தது. இடியொலியும் முரசொலியும் ஒருங்கே செவியில் அதிர, கழுத்து தோளுக்குள் ஒதுங்க, கண்ணாடியை உயர்த்தி முள்ளை நோக்க முயன்றான். அப்போது உராய்வு அவனைக் கைவிட்டது. அவன் சூத்திரத்தில் பிழையில்லை. அவன் பாதம் வறண்டதே. ஆனால் காலைமுதல் ஆயிரம் மேனியில் வழிந்த எண்ணெயெல்லாம் அப்பாறையில் அல்லவா படிந்திருந்தது! பாறைக்குக் கிழமை தெரியாது.

சறுக்கினான் வீரன். தாம்பாளம் தராசோடு தலையைத் துறந்து, சூரியவட்டமெனச் சுழன்று பறந்தது. பறந்து யார் கையில் சேர்ந்தது? நடுவோட்டத்துக்கு அப்பால், அருவியே தனக்கென விழுவதுபோல் அசையாது நின்ற ஒரு மினுமினுப்பு மேனியன் அதை இரு கையாலும் ஏந்தினான். ஏந்திய வேகத்தில் குடைபோல் தன் தலைமேல் கவிழாமல் நிமிர்த்தி வைத்துக்கொண்டான். தாணுமாலயன்!

“ஆடிச் சீர் வந்து சேந்திட்டு மச்சான்!” என்று அவன் அருவியை மீறிக் கூவினான். ஆயிரம் முதுகுகளும் குலுங்கிச் சிரித்தன.

பாறையில் அமர்ந்தபடி, கையில் கண்ணாடி மட்டும் மிஞ்ச, குத்தாலிங்கம் நிமிர்ந்து நோக்கினான். முள் அங்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. எண் அங்கே இருக்கிறது. ‘தாரும்’ என்ற ஒரு சொல் போதும். ஆனால் மாப்பிள்ளை சீர் என்று பலர் அறிய ஏற்றுக்கொண்டதைத் திருப்பிக் கேட்பதா? மூதாதையர் சாம்பல் ஆற்றிலிருந்து எழுந்து வராதா?

“வச்சுக்கிடுங்க மாப்பிள்ளை!” என்று எழுந்து நின்று முழங்கினான். “மேலவாசல் வீட்டுல குடுத்ததத் திருப்பிக் கேக்க வழக்கம் கிடையாது!” சொல்லி முடித்து மறுபடியும் சறுக்கினான்.

பகல் சாப்பாட்டுக்குச் சற்றுமுன் மாநாட்டில் ஈரத்தலையோடு கட்டுரை படித்தான். வெள்ளையாக இருந்த இடம் வந்தது, நின்றான். முன்வரிசையில் மடியில் தராசும் தாம்பாளமுமாகத் தாணுமாலயன். அவன் அருகே, சீசனுக்கென்று கணவனோடு வந்திருந்த முத்துவடிவு.

“இங்கே வரவேண்டிய எண், ஆடிச் சீரோடு செங்கோட்டைக்குப் போய்விட்டது,” என்றான் குத்தாலிங்கம். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்த வல்லிநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தத் தாம்பாளம் உம் தலையில்தானே இருந்தது, தாணுமாலயன்? முள் எவ்வளவு காட்டிற்று, சொல்லும்,” என்றார் தலைவர்.

“எனக்கு எங்கன ஐயா தெரியும்?” என்றான் தாணுமாலயன். “முள்ளு என் தலையில; கண்ணாடி மச்சான் கையில.”

நான்கு துறைகளும் கூடியும் விடை காணாத அந்த வேளையில் எழுந்தவள் முத்துவடிவு.

“வெறுந்தாம்பாளத்தச் சீருன்னு எந்த ஊர்லண்ணே குடுப்பாவ? ஒரு வேட்டி உண்டா, ஒரு சீப்புப் பழம் உண்டா? என் மாமியா கேட்டா என்ன சொல்ல, அருவித் தண்ணி வந்துதுன்னா?” கணவன் பக்கம் திரும்பினாள். “நீங்க அதை வாங்கி வேற மடியில வச்சுக்கிட்டு இருக்கீய! சீரு வந்தாலும் தாம்பாளம் பொறந்த வீட்டுக்குத் திரும்பணும்லா?” தாம்பாளத்தைப் பிடுங்கினாள், தட்டை வெறுமையாக அனுப்பலாகாது என்று மடியிலிருந்த மங்குஸ்தான் பழங்களை அதில் வைத்தாள், தமையன் கையில் கொடுத்தாள். குலநெறி ஒன்றும் குறையாமல் படைக்கலம் மீண்டது!

வல்லிநாயகம் எழுந்து இறுதி ஆணை பிறப்பித்தார்: “நாளைப் பகல் சாப்பாடு வரை தவணை. எண் வந்தால் குத்தாலிங்கம், வராவிட்டால் தாணுமாலயன். இனி மாற்றமில்லை!”

விடிந்தது சனிக்கிழமை. குலநெறி வழிவிட்டது; சொரிமுத்துவின் கிண்ணம் நிறைந்திருந்தது; தராசு துடைக்கப்பட்டுத் தாம்பாளம் பொன்னென மின்னியது; தங்கை வீட்டு வாசற்படியில் தந்தையின் பாதம் மீண்டும் பதியும் நாள் இதோ என மலைமுகடுகள் மௌனமாய்க் காத்திருக்க, உச்சிமுதல் உள்ளங்கால்வரை ஒளிவீசும் எண்ணெய்க் கவசம் பூண்டு, தடுப்பார் யாருமின்றி அருவியின் நட்டநடுவே நழுவிப் புகுந்தான் மேலவாசல் வீட்டு வேங்கை.

நன்றாகக் குளித்தான், நன்றாகப் பசித்தது, அளக்க மறந்து சாப்பிட வந்துவிட்டான்.