'ஆமி'யோடு போன விருந்து

ஒரு மொழி அறவே தெரியாமல் இருப்பதில் ஆபத்து இல்லை. பக்கத்து மொழி அரைகுறையாகத் தெரிவதில்தான் ஆபத்து. இதை நான் எண்பதுகளில் அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அங்கே ஒரு மருந்துக் கம்பெனி லேபில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மேலதிகாரி பருவா அஸ்ஸாம்காரர். அவர் கம்பெனி வக்கீலுக்கு பேப்பர் அனுப்பினால்தான் எனக்கு கிரீன் கார்டு. இல்லையென்றால் விசா முடிந்ததும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்படிப்பட்டவர் என்னை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். "வைஃபுக்கு போன் பண்ணி கன்ஃபர்ம் பண்ணிடுங்க" என்றார்.

இங்கிலீஷில் சொல்லித் தொலைத்திருக்கலாம். அவர்கள் மொழியிலேயே பேசி அசத்த வேண்டும் என்று தோன்றிவிட்டது (விதி). அறை நண்பன் தபன் கல்கத்தாக்காரன். 'நான் வருகிறேன்' என்பதற்கு "ஆமி ஆஷ்போ" என்றான். "அஸ்ஸாமியில 'ஷ'வுக்கு பதிலா 'ஹ' போட்டுக்கோ, அவ்வளவுதான்" என்று ஓர் இலக்கண விதியும் கொசுறாகக் கொடுத்தான்.

திருமதி பருவாவிடம் கம்பீரமாக "ஆமி ஆஹ்போ" என்றேன். மறுமுனையில் ஒரே சந்தோஷம்.

ஞாயிறன்று போனால் மேஜையில் ஐந்து தட்டு. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய குழந்தை நாற்காலி வேறு. திருமதி பருவா என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மத்தவங்க எங்க? கார்லயா இருக்காங்க?"

விசாரணையில் உண்மை வெளிவந்தது. பெங்காலியில் 'ஆமி' என்றால் நான். அஸ்ஸாமியில் 'ஆமி' என்றால் நாங்கள்; நான் என்பதற்கு 'மொய்' (கல்யாண மொய் இல்லை). ஆக, நான் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

வெட்கத்தில் வாய் உளறியது. "அஸ்ஸாமி, பெங்காலியோட டயலக்ட்தானே, அதான்..."

திருமதி பருவா புளிப்பு மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே நிதானமாகக் கேட்டார்: "அப்ப தமிழ், மலையாளத்தோட டயலக்டா?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பொங்கித் தீர்த்தேன். நிமிர்ந்து பார்த்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். "எங்களுக்கும் இப்படித்தான் இருக்கும்" என்றார் பருவா.

மானம் போனது போனதுதான், ஆனால் ஆவல் பற்றிக்கொண்டது. இரு மொழிக்கும் ஏறக்குறைய ஒரே எழுத்து, ஆனால் 'ர'வின் உருவம் வேறு. கல்கத்தாவில் 'சா' என்று குடிக்கும் டீ அஸ்ஸாமில் 'ஸாஹ்' ஆகிவிடும். சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டே இருந்தேன், டீயும் நாலு கோப்பை ஆயிற்று.

கிளம்பும்போது பருவா தலையில் கை வைத்தார். "ஐயோ, வெள்ளிக்கிழமையே வக்கீலுக்கு பேப்பர் அனுப்பிட்டேனே! மேரீட்னு போட்டுட்டேன்!"

இல்லாத மனைவியை நீக்க நாலு மாதம் ஆனது. இந்தியாவுக்கு டிக்கெட் விலை விசாரிக்கும் அளவுக்குப் பயந்துபோனேன். வக்கீல் ஒவ்வொரு முறையும் "அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று பரிவோடு கேட்பார். ஒருவழியாக கார்டு வந்தது. சில வருஷம் கழித்து நிஜ மனைவியும் மதுரையிலிருந்து வந்தாள்.

இன்றைக்கும் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் ஆரம்பித்துவிடுவாள்: "இவருக்கு எனக்கு முன்னாடியே ஒரு சம்சாரம் இருந்தா, தெரியுமா? பேரு ஆமி."

"வெள்ளைக்காரியா ஆன்ட்டி?"

"அதெல்லாம் இல்லம்மா. பெங்காலியில இவர் தனி ஆளு. அஸ்ஸாமியிலதான் குடும்பஸ்தர்."