மூக்காயியின் கதவுப் பல்லக்கு

வெண்குடை நாட்டில் ஒருநாள் காலை முரசு அறைந்தார்கள். இனி அடிமை என்று யாரும் இல்லையாம். அவரவர் இஷ்டப்படி எங்கு வேண்டுமானாலும் போகலாமாம். சாணி அள்ளிக்கொண்டிருந்த மூக்காயி கையைக்கூடக் கழுவவில்லை, கிளம்பிவிட்டாள். எட்டு வயதில் துறைமுகத்துப் பிரபுவுக்கு விற்கப்பட்ட மகள் சிலம்பாயியைக் கூட்டிவர வேண்டும். பத்து வருஷமாக அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது.

ஊர் எல்லையில் சாலை அதிகாரி மறித்தார்.

"போகலாம்னு சொன்னீங்களே ஐயா?"

"தாராளமாகப் போ. ஆனால் சாலை பிரபுக்களுடையது. பல்லக்கில் அமர்ந்தவரும் அதைச் சுமப்பவரும் மட்டுமே இதில் கால் வைக்கலாம். சுதந்திரம் வேறு, சாலை வேறு."

பழைய எஜமான் தயாராக நின்றார். "இங்கேயே இரு. கூழும் குடிசையும் தருகிறேன். முன்பு கட்டாயம், இப்போது உன் விருப்பம்!" பலர் தலையைக் குனிந்துகொண்டு பழைய வேலைக்கே திரும்பினார்கள். பசித்த பிள்ளைகளை வைத்திருந்தவர்கள், பாவம், அவர்களைக் குறை சொல்ல நாம் யார்?

மூக்காயி குடிசைக் கதவைக் கழற்றினாள். இரண்டு மூங்கிலை வைத்துக் கட்டினாள். தன்னைப்போலவே தேடிப் போக உறவு இருந்த நான்கு பேரை அழைத்தாள். கதவின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து, "தூக்குங்கப்பா" என்றாள். என்ன மூளை பாருங்கள் அவளுக்கு!

"இதுவா பல்லக்கு?" அதிகாரி பதறினார்.

"பட்டுத்துணி இருக்கணும்னு சட்டத்துல இருக்குங்களா?"

சட்டச் சுவடியைப் புரட்டிப் பார்த்தார். இல்லை. பல்லக்கில் இருப்பவரை வணங்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. வணங்கினார்.

களைத்தவர் உட்கார, மற்றவர் சுமக்க, ஐந்து பேரும் முறை வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் சாலையில் நூறு கதவுகள் போயின. அரசவை கொதித்தது. 'பாதையில் பல்லக்கைத் தரையில் வைப்பது ராஜத்துரோகம்' என்று புதிய ஆணை பிறந்தது. தோள் தோலுரிந்து ரத்தம் கசிந்தது. நடந்தபடியே தின்றார்கள், நடந்தபடியே ஏறி இறங்கினார்கள். ஒருவரும் கீழே வைக்கவில்லை. பிரபுக்களின் பல்லக்குத் தூக்கிகளோ அந்த ஆணையைக் கேட்ட மறுநாளே ஓடிப்போனார்கள். பட்டுப் பல்லக்குகள் வீட்டு முற்றங்களிலேயே கிடந்தன.

துறைமுகத்தில், சாலைக்கு ஓரடி தள்ளி, பிரபுவின் வாசலில் சிலம்பாயி நின்றிருந்தாள். மூக்காயி குதித்து இறங்கி அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

"ஏறுடி."

"நீ உட்காரும்மா, நான் தூக்குறேன்."

"உன்னைத் தூக்கத்தான்டி பத்து வருஷமாக் காத்திருந்தேன். ஏறு!"

வீட்டோடு முடங்கிய பிரபுக்களின் புலம்பல் தாங்காமல், சாலை எல்லோருக்கும் பொது என்று மன்னர் அறிவித்தார். முன்னாள் அடிமைகள்மேல் அவர் கொண்ட கருணை பெரிய கல்லில் வெட்டப்பட்டது. கல்லைத் தலைநகரில் நிறுத்த வேண்டுமே! அமைச்சரே நேரில் வந்து, சுமந்து பழகியவர்களாயிற்றே, தூக்கி வர முடியுமா என்று மூக்காயியைக் கேட்டார்.

"நீங்களே தூக்கிக்குங்க ஐயா," என்றாள் அவள். "எங்க தோள்ல ஆள் இருக்கு."