பெற்றோல் முள்ளும் பற்றரித் திருநீறும்

தெல்லிப்பழை,
1972 ஜனவரி 23.
இன்று எனக்கு அறுபத்தொரு வயது, ஒரு மாதம், பதினைந்து நாள்.

மதிப்புக்குரிய மச்சான் கனகசபாபதி அவர்கட்கு,

நானும் என்னைப் பெற்ற ஐயா விட்டுப்போன கறுப்புக் காரும் சுகம். தாங்களும் மச்சாளும் அவ்விதமே என எண்ணுகிறேன்.

தங்கள் மகள் அருந்ததி கலியாணத்துக்கு இந்தக் காரில்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்பதாகவும், பற்றரி சார்ஜ் ஏறாததும் பெற்றோல் முள் முப்பத்துநான்கு ஆண்டாய்ச் சைபரில் கிடப்பதும் தங்களை அஞ்சச் செய்வதாகவும், 1938இல் நம்மிருவர் சம்பந்தத்தைக் கவிழ்த்த வண்டி அவள் கலியாணத்தையும் கவிழ்க்குமோ என்றும் எழுதியிருந்தீர்கள். புதன்கிழமைக்குள் இரண்டு பழுதுக்கும் காரணம் எழுதாவிட்டால் வாடகைக் கார் பிடிப்பீர்களாம். பௌதிகம் படித்தவளிடம் காரணம் கேட்டமைக்கு நன்றி. இதுவரை எவரும் கேட்டதில்லை.

முதலில் பற்றரி. விளக்குகள் மங்கின, எஞ்சினை எவ்வளவு உறுமவிட்டாலும் சார்ஜ் காட்டும் முள் அசையவில்லை. டைனமோ செத்துவிட்டது, கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும் என்றான் சாரதி கதிரவேலு. எப்படி அறிந்தாய் என்றதற்கு, அதன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்றான். எனக்கோ ஆவல் மூண்டுவிட்டது. டைனமோவில் ஒரு பல்பைத் தொடுத்து எஞ்சினை ஓடவிட்டேன், பல்பு எரிந்தது. ஆகவே மின்சாரம் பிறக்கிறது, வழியில் எங்கோ மறிபடுகிறது. வயரை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். அது பற்றரியில் முடிந்தது, அங்கே முனைகளில் வெள்ளைப் பொடி காளான்போல் பூத்திருந்தது. துடைக்கப் போனேன், கதிரவேலு குறுக்கே விழுந்தான்.

“தொடாதையுங்கோ ரீச்சர். உது நகுலேஸ்வரத்தான்ரை திருநீறு.”

போன ஆடியில் கீரிமலை நகுலேஸ்வரர் கோயிலில் காருக்குப் பூசை செய்தபோது ஐயர் பற்றரிக்கும் ஒரு சிட்டிகை திருநீறு போட்டாராம். அன்று முதல் அது தானாக வளர்கிறதாம். இவன் காலைதோறும் அதில் கொஞ்சம் எடுத்து நெற்றியில் பூசுகிறானாம். நெற்றி ஏன் வெந்திருக்கிறது என்று கேட்டேன்.

“அது பக்தியின்ரை சூடு, ரீச்சர்.”

“அது அசிட், கதிரவேலு. உன்ரை பக்தி அவ்வளவு காரமில்லை.”

வெந்நீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்றினேன். பொடி நுரைத்துப் பொங்கியது. அதையும் கதிரவேலு கும்பிட்டான். முனைகளைச் சுரண்டி இறுக்கியதும் சார்ஜ் முள் துள்ளி எழுந்தது. மிஞ்சிய சோடாத் தண்ணீர் அவன் நெற்றிக்குப் போயிற்று.

இரண்டாவது, பெற்றோல் முள். அது முதுமை. முதுமைக்கு நான் காரணம் எழுதுவதில்லை. பெற்றோல் தாங்கிக்குள் குச்சி விட்டு அளந்துகொள்ளுங்கள்.

அருந்ததி சுகத்தோடும் சொந்தப் புத்தியோடும் நெடுங்காலம் வாழ என் ஆசி. மச்சாளுக்கு என் அன்பு.

இங்ஙனம்,
குணலட்சுமி

பி.கு.: முதுமை என்று மேலே எழுதியது பொய். பிள்ளை ஆசைப்பட்ட கார் தங்கள் பயத்தால் தவறுவதைவிடத் தாங்கள் என்னைத் திட்டுவது மேல். அன்று ஐயா நம் சம்பந்தம் பேச வெற்றிலைத் தட்டத்தோடு தங்கள் வீட்டுக்குப் புறப்பட ஏறினார். முள் சைபரில் கிடந்தது. சகுனப் பிழை என்று இறங்கிவிட்டார். அடுத்த மாதம் தாங்கள் மச்சாளைக் கட்டினீர்கள். ஐயா சகுனத்தைப் பார்த்தார், தாங்கியைப் பார்க்கவில்லை. தாங்கி நிறையப் பெற்றோல் இருந்தது. இன்று காலை ஒரு வயரைப் பூட்டினேன், முள் உடனே எழுந்து நின்றது. அன்று அதே வயரைக் கழற்றியவளும் நானே.