மூன்றாம் வால்வு

இந்தக் குளிர்காலத்தில் மச்சானை வீட்டைவிட்டுக் கிளப்பியே தீருவது என்று சபதம் எடுத்தேன். மச்சான் என் மனைவியின் அண்ணன். நாலு நாள் தங்க வந்தவருக்கு நாலாவது மாதம் நடக்கிறது. எங்கள் படுக்கையறை அவருக்குப் போய்விட்டது. மனைவி மகளின் அறைக்குப் போய்விட்டாள். நான் ஸ்டோர் ரூமில்.

"கிளம்புங்கள்" என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. ஆனால் தொழில் இருக்கிறதே! கட்டடங்களைச் சூடாக வைக்க வெந்நீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடுபவன் நான். என் வீட்டுக்கும் போட்டேன். மாடியில் சூரியத் தகடுகள், தரைக்கடியில் குழாய்கள், அறைக்கொரு வால்வு. இரண்டாவது என் ஸ்டோர் ரூமுக்கு, மூன்றாவது மச்சான் அறைக்கு. மூன்றாவதை மூடினால் மச்சான் அறை மட்டும் ஐஸ் பெட்டி.

"எதுக்குங்க ரூமுக்கு ஒரு வால்வு?" என்றாள் மனைவி.

"வேண்டாத இடத்துக்குச் சூடு போகக்கூடாதுல்ல? அதான் சிக்கனம்."

"வேண்டாத இடம்னா?"

"சும்மா, பொதுவாச் சொன்னேன்."

"ஒண்ணை மூடினா அந்தச் சூடு எங்க போகும்?"

"மத்த ரூமுக்குப் போகும். அதான் என் டிசைனோட அழகே!"

அவள் தலையாட்டிவிட்டு பிளம்பருக்கு டீ கொடுக்கப் போனாள்.

பிளம்பர் வால்வுகளில் நம்பர் அட்டை கட்டிவிட்டுப் போனதும் மூன்றாவதை ஒரு சுற்று இறுக்கினேன். அன்றைக்கு என் அறையே சில்லிட்டது. வால்வு திறந்திருக்கும் என் அறையே இப்படியென்றால் மூடிய அறை எப்படி இருக்கும்! சந்தோஷத்தில் இன்னொரு சுற்று. என் பல் தந்தியடித்தது. ஐயோ பாவம் மச்சான் என்று கம்பளிக்குள் சிரித்துக்கொண்டே, மறுநாள் மேலும் ஒரு சுற்று.

ஞாயிற்றுக்கிழமை மதியம், இரண்டு ஸ்வெட்டரும் மப்ளருமாக, அவர் பெட்டி கட்ட உதவலாமே என்ற நல்ல எண்ணத்தில் கதவைத் திறந்தேன். வெக்கை முகத்தில் அடித்தது. மச்சான் பனியனோடு தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே என் மனைவியும் மகளும். நடுவில் சீட்டுக்கட்டு.

"வாங்க மாப்ள! என்ன ஒரு கதகதப்பு! இதை விட்டுட்டுப் போக யாருக்கு மனசு வரும்?"

"அ... அட்டை..." என்றேன். அதற்குமேல் பல் விடவில்லை.

"நாந்தாங்க ரெண்டையும் மூணையும் மாத்திக் கட்டச் சொன்னேன்," என்றாள் மனைவி, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "வந்ததுதான் வந்தீங்க, அந்த மூணாவதை இன்னும் ஒரு சுத்து இறுக்கிட்டுப் போங்க. அண்ணனுக்கு லேசா குளிருதாம்."