அன்னம்மாளின் முதல் நினைவுக் கூட்டம்

காகிதத்தை நம்பிப் பழகியவன் ஒன்றை நேரில் நடந்துபோய்ப் பார்ப்பதில்லை. முப்பத்தைந்து வருடம் ஓர் அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் நான். எனக்கு இது நன்றாகத் தெரியும். இப்போது எழுபத்தைந்து வயதில் இதை எழுத என் தங்கை எஸ்தர் அனுமதி கொடுத்திருக்கிறாள். ஒரே நிபந்தனை, என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. (அதற்கு வழியும் இல்லை.)

எஸ்தர் எங்கள் வீட்டில் பிறந்தவள் அல்ல. நாங்கள் தாராவியில் இருந்த காலம். அம்மா ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். எனக்குப் பதினொரு வயது. ஒரு மழை நாளில், துண்டில் சுற்றிய குழந்தையோடு அம்மா வேலையிலிருந்து திரும்பினாள். பெற்றவள் நம்ம ஊர்ப் பக்கத்துக்காரி, மாட்டுங்கா லேபர் கேம்பில் குடியிருப்பவள், பெயர் அன்னம்மாள், புருஷன் இறந்து மூன்று மாதம், கையில் ஏற்கனவே ஒரு பிள்ளை. அம்மா சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்டால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். எஸ்தருக்கும் பதினாலு வயதில் இதே விவரம்தான் கிடைத்தது, ஒரு சொல் கூடவில்லை.

அம்மா இறந்து ஒரு வருடம் கழித்து எஸ்தர் என் செம்பூர் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கே அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலில், டிராம்பே பக்கத்து எண்ணெய் ஆலைப் புகைபோக்கியின் சுடர் பகல் வெளிச்சத்தில் வெளிறிப்போய், எரிகிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி அசைந்துகொண்டிருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணே, அம்மாவும் போயிட்டாவ. இனி யாரு மனசும் நோவாது. என்னப் பெத்தவ இருக்காவளா இல்லியான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. ஊரக் கூட்டிராதிய."

மறுநாள் காலையில் ஊரைக் கூட்டினேன்.

'எஸ்தரின் வேர்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் என்னையும் சேர்த்துச் சொந்தக்காரர்கள் இருபத்தாறு பேர். (எஸ்தரைச் சேர்க்க மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் அவளே கேட்டுச் சேர்ந்துகொண்டாள்.) பிறப்புக்குப் பச்சைக் கோப்பு, ஞானஸ்நானத்துக்கு நீலம், திருமணத்துக்கு மஞ்சள், இறப்புக்குச் சிவப்பு. சுவரில் சார்ட் ஒட்டி ஒரு வம்ச மரம் வரைந்தேன். அதில் கிளைகள் ஏராளம்; பெயர் ஒன்றுகூட இல்லை. ஞாயிறுதோறும் குழுவில் முன்னேற்ற அறிக்கை வெளியிட்டேன். பழைய ஆஸ்பத்திரிகள், சபைகள், ஆவண அறைகள் எல்லாம் ஏறி இறங்கினேன். லேபர் கேம்புக்கு மட்டும் போகவில்லை.

ஆறாம் மாதம் ஒரு தமிழ்ச் சபையின் அடக்கப் பதிவேட்டில் கிடைத்தாள்: அன்னம்மாள், விதவை, லேபர் கேம்ப். ஊரும் எங்கள் பக்கத்து ஊர். பத்து வருடம் முன்பு அடக்கம். அந்த நேரத்தில் எனக்குத் துக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பசி. வெளியே போய் இரண்டு வடாபாவ் தின்றுவிட்டு வந்துதான் பிரதி எடுத்தேன்.

பதிவேட்டை எடுத்துக் கொடுத்த கோயில்பிள்ளை (சபையில் மணி அடிப்பதிலிருந்து எல்லாம் அவர்தான்) அதை மூடாமல் நின்றார். "அண்ணாச்சி, அப்பனப் பெத்தவ பேர ஆளாளுக்கு மூத்த பொண்ணுக்கு வைக்குத சனம் நாம. ஒரே குடும்பத்துல அன்னம்மா நாலு பேரு இருப்பா. ஒரு எட்டு லேபர் கேம்ப்ல போய் கேட்டுட்டு வந்துருங்க. பத்து நிமிச நடைதான்."

ஆகட்டும் என்றேன். கடிகாரத்தைப் பார்த்தேன். செம்பூருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

எஸ்தரிடம் சொன்னபோது அவள் அழவில்லை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து கல்லறை எங்கே என்று மட்டும் கேட்டாள். இந்த ஊரில் கல்லறைக்கும் இட நெருக்கடி, சில வருடத்தில் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றேன். (நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.) அதன்பின் நாலு மாதம் அவள் தலையில் பூ வைக்கவில்லை.

அவளைத் தேற்ற எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: கூட்டம். லேபர் கேம்பை ஒட்டிய சின்ன மண்டபம் ஒன்றில் நினைவுக் கூட்டம், மதியம் பிரியாணி. 'அன்னம்மாளை அறிந்த அனைவரும் வருக' என்று அச்சடித்து, கேம்பில் ஒட்டுவதற்கும் ஆளைத்தான் அனுப்பினேன். தாராவியில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் காசிம் பாய் படம் கேட்டார். இல்லை என்றேன். "அதுக்கென்ன அண்ணாச்சி, பொறா போட்டுருவோம்" என்றார். பத்தடி அகலத்தில் ஒரு மெழுகுவத்தி, அதன் மேல் ஒரு வெள்ளைப் புறா, கீழே அன்னம்மாள் என்ற பெயர்.

அன்று நல்ல மழை. மண்டபத்துக் கூரையில் போட்டிருந்த நீலத் தார்ப்பாய் வழியாக வெளிச்சம் இறங்கி, எல்லோரும் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. மின்விசிறிகள் கடலடிச் செடிகள் மாதிரி மெல்லச் சுழன்றன. அந்த நீலத்துக்குள் நின்று நான் நாலு பக்க வாழ்க்கைக் குறிப்பை வாசித்தேன். ஆயாவாக இருந்த எங்கள் அம்மா ராகேலின் கையில் பச்சைக் குழந்தையைக் கொடுத்தது வரைக்கும் எனக்குத் தெரியும். மீதி மூன்றரைப் பக்கம் என் கற்பனை. சாந்தமானவர், அதிர்ந்து பேசாதவர், நீண்ட வியாதியைப் பொறுமையாகச் சகித்தவர். (என்ன வியாதி? எதையாவது சகிக்காமலா இறந்திருப்பார்?) முன் வரிசையில் எஸ்தர் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அழவைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

வாசித்து முடித்ததும், அன்னம்மாளைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை சொல்லலாம் என்றார் போதகர். கடைசி வரிசையிலிருந்து ஒரு கிழவி எழுந்தாள். நாற்காலி நாற்காலியாகப் பிடித்து, நீந்தி வருவது போல மெதுவாக வந்தாள். மைக்கைப் பிடித்தாள்.

"இந்த அம்மா நல்லவதான். ஆனா இவுக சொன்ன அளவுக்கு இல்ல."

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"அதிர்ந்து பேசமாட்டான்னு வாசிச்சாவ. குழாயடில வந்து கேட்டுப் பாருங்க. செத்தது எங்க சித்தப்பா மவ, அவளும் அன்னம்மாதான். அவளுக்குத்தான் கூட்டம்னு நெனச்சு வந்தேன். ராகேலுன்னு பேரு சொன்னபொறவுதான் எனக்குத் தெரிஞ்சுது." பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, புள்ளயக் குடுத்தவ நாந்தான். எம் படத்துக்குப் பதிலா பொறாவப் போட்டிருக்கிய" என்றாள்.

அப்போது நான் செய்த காரியம் இன்றும் என்னைக் கூசவைக்கிறது: கையிலிருந்த சிவப்புக் கோப்பைத் திறந்து, அவர் இறந்த தேதியைச் சரிபார்த்தேன்.

எஸ்தர் எழுந்து, கிழவியின் எதிரில் நின்றாள். தொடவில்லை. தெரிந்ததுமே ஏன் எழுந்து சொல்லவில்லை என்று கேட்டாள்.

"எனக்காவ யாரும் அழுது நான் பாத்ததில்ல தாயி," என்றாள் கிழவி. "கொஞ்ச நேரம் இருந்து பாப்பமேன்னு உக்காந்துட்டேன்."

அதன்பின் இருவரும் எங்கே உட்கார்ந்தார்கள், என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பிரியாணி அண்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து எஸ்தர் வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்: பத்து நிமிட நடை, ஏன் போகவில்லை? முழங்கால் வலி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் உண்மை வந்துவிட்டது. உயிரோடு ஓர் அன்னம்மாள் இருந்தால் எஸ்தர் அங்கே போவாள். என் தங்கை இன்னொரு வீட்டுப் பெண்ணாகிவிடுவாள், அதுவும் நான் எப்போதோ விட்டு விலகி வந்த அந்தச் சந்துகளில். இறந்த அன்னம்மாள் எதையும் கேட்க மாட்டாள். அவள்தான் எனக்கு வசதி. அதனால்தான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அந்த மழைக்காலம் முடியும்வரை எஸ்தர் என்னோடு பேசவில்லை. புதன்தோறும் லேபர் கேம்புக்குப் போய்வந்தாள். தீபாவளி நெருங்கியபோது ஒருநாள் என்னையும் அழைத்துப் போனாள். அன்னம்மாள் கையில் செல்போன் இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடும்படி என்னிடமே நீட்டினார். இருபத்தெட்டாவது உறுப்பினர். காலை வணக்கம், பூப்படம், எல்லோருக்கும் குரல்செய்தியில் வசவு. சாந்தமானவர் என்று நான் எழுதியதை அவர் பாக்கி வைக்காமல் பொய்யாக்கினார்.

அப்படி மூன்று வருடம். பிறகு ஒரு விடியலில், தூக்கத்திலேயே போய்விட்டார். இந்த முறை நான் முதல் ஆளாக லேபர் கேம்புக்குப் போனேன். கையைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு எங்கள் வீட்டில் மூத்தவன் என்ற முறையில் சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராக போன் செய்தேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர்கூட அழவில்லை. "சரி அண்ணாச்சி, எஸ்தர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதோம்" என்று வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் சாவுச் செய்தி சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது. என் சாவையாவது வேறு யாராவது சொல்லட்டும் என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள்.

அன்று பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கையில், தலையணை அருகே இருந்த அன்னம்மாளின் போன் அடித்தது. நாகர்கோவிலிலிருந்து என் சித்தி மகன். நான் சொன்ன செய்தி சரிதானா என்று இறந்தவரிடமே கேட்க அழைத்திருக்கிறான். எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"இல்லண்ணே, நெசந்தான்," என்றாள். "இந்தத் தடவ அண்ணன் நேர்ல வந்து பாத்துட்டாவ."